அடி விழும்போது சும்மா உட்கார்ந்திருக்கணுமா? ஆக்டிவ் டிஃபென்ஸ் ரூல் எழுத உதவி வேணும்

#1 ராப்பட்சி

மக்களே வணக்கம். மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க மொட்டை மாடியில கேம்பெயின் (தொடர்கதை ஆட்டம்) ஓட்டிட்டு இருக்கேன், நான்தான் ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தறவன். அஞ்சு பிளேயர். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமா டைஸ் உருட்டி ஆடற மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, கொஞ்சம் வீட்டு ரூல்ஸோட.

பிரச்சினை என்னன்னா, மான்ஸ்டர் டர்ன் வந்தாலே எல்லாரும் போனை எடுத்துடறாங்க. நான் டைஸ் உருட்டி "18, உனக்கு அடி, 7 டேமேஜ்"னு சொல்றேன், அவன் தலையை நிமிர்த்தாம தன் ஹிட் பாயிண்ட்ல (தாக்குப்பிடிக்கிற எண்) 7-ஐக் கழிச்சுக்கறான். கத்தி அவன் மூஞ்சிக்கு நேரா வருது, ஆனா அவன் செய்றதுக்கு ஒண்ணுமே இல்லை. தப்பு அவன் மேல இல்லன்னு எனக்கே தோணுச்சு.

அதனால ஏசி-யை (ஆர்மர் கிளாஸ், அடி படணும்னா அடிக்கிறவர் தொடவேண்டிய கவச எண்) தூக்கிட்டு ஒரு ரூல் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் தடுக்கிறவரும் டி20 (இருபதுமுக டைஸ்) உருட்டணும், கூட ஏசி கழித்தல் 10-ஐச் சேர்த்துக்கணும். ரெண்டு பேர்ல யாருக்குக் கூடுதலோ அவர் ஜெயிப்பு, சமமா வந்தா அடிச்சவருக்கு. போன வாரம் ஓட்டிப் பார்த்தோம். முதல் ரவுண்டு செம. மூணாவது ரவுண்டுல மறுபடி போன் வெளிய வந்துடுச்சு. ஏழு கொள்ளைக்காரங்களோட நாப்பது நிமிஷத்துல முடியவேண்டிய சண்டை ஒண்ணரை மணி நேரம் இழுத்துச்சு. பத்தாததுக்கு, பிளேட் ஆர்மர் போட்டிருக்கிற எங்க ஃபைட்டர் "முன்னைவிட எனக்குத்தான் அதிகம் அடி விழுது"ன்னு சத்தியம் பண்றான்.

எங்க தப்பு பண்ணேன்?

#2 கணக்கு_வாத்தி

உங்க ஃபைட்டர் சொல்றது பிரமை இல்லை, கணக்கே அப்படித்தான் வருது.

ஒரு டி20 உருட்டினா ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம். ரெண்டு டி20-ஐ மோதவிட்டா வித்தியாசம் நடுவுல குவிஞ்சு, ஓரங்கள்ல நீளமா வால் விடும். கொள்ளைக்காரனோட அட்டாக் போனஸ் (உருட்டின எண்ணோட கூட்டறது) +3. ஏசி 18-ஐ அடிக்க பழைய ரூல்ல 15 வரணும், அதாவது 30 சதவீதம். உங்க புது ரூல்லயும் அச்சு அசலா அதே 30 வருது. இது வரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஏசி 21 ஆனா பழசுல 15, புதுசுல 19.5. ஏசி 24-க்குப் போனா பழசுல இயல்பா 20 விழுந்தாத்தான் அடி, வெறும் 5 சதவீதம். புதுசுல 11.25. ரெண்டு மடங்குக்கும் மேல. உங்க ஆள் மாயக் கவசம், மாயக் கேடயம்னு சேர்த்து வச்சிருந்தா இந்த இடத்துலதான் மாட்டியிருப்பார்.

இன்னொரு பக்கம் பாருங்க. ஓகர் (ராட்சசன்) +6, மந்திரவாதி ஏசி 11. பழசுல 80 சதவீதம் அடி, புதுசுல 73.75. கவசத்துக்கு 1500 தங்கம் கொட்டினவனுக்கு நஷ்டம், பைஜாமாவோட சண்டைக்கு வந்தவனுக்கு லாபம்.

பிளேயர் கையில டைஸ் இருக்கணும்கிறது மட்டும்தான் ஆசைன்னா சுலபமான வழி ஒண்ணு இருக்கு. மான்ஸ்டருக்கு டைஸே கொடுக்காதீங்க. அதோட அட்டாக் போனஸ் கூட்டல் 12, இதுதான் இலக்கு. பிளேயர் டி20 கூட்டல் (ஏசி கழித்தல் 10) உருட்டி அதைத் தொட்டாலே தப்பிச்சார். நிகழ்தகவு பழைய ரூலோடயே அப்படியே இருக்கும். இந்த 12-ஐ நிறைய பேர் 11-னு எழுதறாங்க. அது தப்பு. சமமா வந்தா இப்ப தடுக்கிறவருக்கு ஜெயிப்பு ஆயிடுது இல்லையா, அந்த ஒண்ணு மாறிப்போச்சு. 11 வச்சீங்கன்னா எல்லாருக்கும் சும்மாவே 5 சதவீதம் பாதுகாப்பு கொடுத்த மாதிரி.

#3 பழைய_டைஸ்

ராப்பட்சி தம்பி, நீங்கள் விழுந்த குழியில் இந்தப் பொழுதுபோக்கே ஒரு முறை விழுந்து எழுந்திருக்கிறது.

1974-இல் வந்த முதல் டி அண்ட் டி-யில் தடுப்பு என்பது கவச எண் மட்டும்தான். 1978-இல் ரூன்குவெஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவ் பெரின், இடைக்காலச் சண்டையை உண்மையாகவே கவசம் மாட்டிக்கொண்டு விளையாடும் எஸ்சிஏ கூட்டத்தைச் சேர்ந்தவர். கையில் வாள் பிடித்தவருக்கு, எதிராளியின் அடியை எண் ஒன்று தடுக்கிறது என்பது உறுத்தாமல் இருக்குமா? எனவே அடிப்பதற்கு ஒரு சதவீதம், பேரி செய்வதற்கு (ஆயுதத்தால் அடியைத் தட்டிவிடுவதற்கு) தனியாக ஒரு சதவீதம் என்று வைத்தார்கள். தொடக்கநிலை ஆட்களுக்கு அது அருமையாக ஓடும். இருவருமே 90 சதவீதத்தை எட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 90 சதவீதம் அடி சரியாக வரும், அதில் 90 சதவீதம் தடுக்கப்படும். உடலில் படுவது நூற்றுக்கு ஒன்பது. விசேஷ அடி, கிரிட்டிக்கல் எதுவும் விழாவிட்டால் இரண்டு மாவீரர்கள் டங் டங் என்று இரவு முழுக்க இடித்துக்கொண்டிருப்பார்கள்.

1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற விளையாட்டு இதே பாதையில் இன்னும் விரிவாகப் போனது. மூன்று ஆறுமுகப் பகடை, கூட்டுத்தொகை திறனைத் தாண்டாமல் விழ வேண்டும். நான்காம் பதிப்பின் கணக்கில் பேரி என்பது திறனில் பாதி கூட்டல் 3. திறன் 14 உள்ள இருவர் மோதினால் அடி சரியாக வருவது சுமார் 91 சதவீதம், தடுப்பு 10, அதாவது சரிபாதி. மொத்தத்தில் 45 சதவீத அடிகள் படும். திறன் 18 ஆனால் தடுப்பு 12, படுவது கால்வாசிதான். திறமை கூடக்கூடச் சண்டை நீளும்!

அவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் வஞ்சக அடி என்று ஒன்று வைத்தார்கள்: உன் திறனில் 2 குறைத்துக்கொள், எதிராளியின் தடுப்பில் 1 குறையும். திறன் 18 உள்ளவன் 4-ஐ விட்டுக்கொடுத்தால் எதிராளியின் தடுப்பு 10-க்கு இறங்குகிறது, படும் அடி மறுபடி 45 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரே சுற்றில் இரண்டாவது முறை பேரி செய்தால் 4 குறையும். முழுமூச்சாக அடிக்கப் போனவனுக்குத் தடுப்பே கிடையாது. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி ரூல்தான். அதில் ஒரு முடிவு இருக்கிறது. தம்பியின் ரூலில் இல்லாதது அதுதான். இரண்டாவது டைஸ் வந்திருக்கிறது, இரண்டாவது முடிவு வரவில்லை.

#4 வெண்முனை

நான் காலேஜ்ல ரெண்டு வருஷம் ஃபென்சிங் பண்ணவ. சேபர், வெட்டவும் செய்யற கத்தி. (பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போற வரைக்கும் இந்த வார்த்தையைச் சொன்னா வீட்ல திருதிருன்னு முழிப்பாங்க.) அண்ணா சொன்ன அந்தக் கடைசி வரியை அப்படியே வழிமொழியறேன்.

எங்க விளையாட்டுல ஃபாயில் (குத்த மட்டும் செய்யற கத்தி), சேபர் ரெண்டுலயும் முன்னுரிமைன்னு ஒண்ணு உண்டு. முதல்ல தாக்குதல் ஆரம்பிச்சவருக்கு உரிமை. ரெண்டு பேர் கத்தியும் பட்டா புள்ளி அவருக்குத்தான். எதிராளி அதை பேரி பண்ணிட்டா உரிமை அந்தப் பக்கம் போயிடும், உடனே திருப்பி அடிக்கலாம். ஆக தடுக்கறதுங்கிறது "அடி படலை"யோட முடியறதில்லை. முறை உங்க கைக்கு வருது. டேபிள்ல பேரி பண்ணி ஜெயிச்சா "ஒண்ணும் ஆகலை"ன்னுதான் பதில் வருது. கஷ்டப்பட்டு ஜெயிச்சு ஒண்ணும் ஆகாததை யாரு ரசிப்பாங்க?

ரெண்டாவது விஷயம். நான் கத்தியால தடுத்ததைவிட பின்னால போய் தப்பிச்சதுதான் ரொம்ப அதிகம். ஆனா பின்னால போறது இலவசம் இல்லை. பிஸ்ட் (சண்டை போடற களம்) மொத்தமே 14 மீட்டர், ரெண்டு காலும் பின்கோட்டைத் தாண்டிட்டா எதிராளிக்குப் புள்ளி. ஒவ்வொரு தடவை விலகும்போதும் இடத்தைச் செலவு பண்றீங்க. டாட்ஜ் (விலகல்), பேரி, கேடயம் மூணையும் வேற வேற போனஸா மட்டும் வைக்காதீங்க. மூணுக்கும் விலை வேற, பலன் வேறன்னு இருந்தா பிளேயர் யோசிப்பார்.

#5 ஸ்கார்பரோ_வாசி

நான் சொல்லுறது என்னெண்டா, இதை முழுக்கப் புதுசாக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. உங்கட கையில இருக்கிற ஐந்தாம் பதிப்பிலயே ஆக்டிவ் டிஃபென்ஸ் இருக்கு, பேர்தான் ரியாக்ஷன் (மற்றவன்ர டர்னில செய்யிற பதில் செயல்). ஷீல்ட் மந்திரம் அடி பட்ட பிறகு ஏசிக்கு 5 கூட்டும். பேட்டில் மாஸ்டர் எண்ட வகை ஃபைட்டரிட பேரி டேமேஜைக் குறைக்கும். ரவுண்டுக்கு ஒரு ரியாக்ஷன் எண்டதால எப்ப பாவிக்கிறது எண்டு யோசிக்கத்தான் வேணும். என்ன குறை எண்டா, அது குறிப்பிட்ட ஆக்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். எல்லாருக்கும் திறந்து விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

நாங்கள் இஞ்ச 2019-இல வந்த பாத்ஃபைண்டர் ரெண்டாம் பதிப்பு விளையாடுறனாங்கள். அதில டர்னுக்கு மூண்டு ஆக்ஷன். கேடயத்தைத் தூக்கிப் பிடிக்க அதில ஒண்டு போயிடும், சாதாரண கேடயத்துக்கு ஏசி +2. இன்னொரு தரம் வெட்டுறதா, கேடயத்தைத் தூக்கிறதா எண்டு ஒவ்வொரு டர்னும் ஒரு சின்னச் சண்டை மனசுக்குள்ள நடக்கும். தூக்கின கேடயத்தால ரியாக்ஷனா அடியை வாங்கலாம். கேடயத்திட கடினம் எவ்வளவோ அவ்வளவு டேமேஜ் குறையும், மிச்சம் உங்களுக்கும் கேடயத்துக்கும் ரெண்டு பேருக்கும் விழும். போன மாசம் எங்கட பெடியன் ஒருத்தன் தன்ர கேடயம் உடையப்போகுது எண்டு தெரிஞ்சும் குடுத்தான். மேசையில ஒருத்தரும் போனைத் தொடேல்லை.

அதில ஒரு நுட்பம் இருக்கு, கவனியுங்கோ. டேமேஜ் எவ்வளவு எண்டு தெரிஞ்ச பிறகுதான் முடிவு எடுக்கிறது. எப்ப கேக்கிறீங்கள் எண்டதுதான் ரூலிட உயிர்.

#6 ஓரமா_இருக்கேன்

எதிர்க்கட்சியா ஒரு கருத்து. ஹிட் பாயிண்ட்னா ரத்தம் மட்டும்னு யார் சொன்னது? 40 ஹிட் பாயிண்ட் வச்சிருக்கிறவன் 7 இழந்தா, கடைசி நொடியில விலகி மூச்சு வாங்கினான்னு அர்த்தம். தடுப்பு ஏற்கனவே அந்த எண்ணுக்குள்ள இருக்கு. ஜிஎம் "18, அடி, 7"ன்னு ரேஷன் கடை மாதிரி வாசிச்சா யாரா இருந்தாலும் போனைத்தான் எடுப்பான். ரூலை மாத்தறதுக்கு முன்னாடி சொல்ற விதத்தை மாத்திப் பாருங்க. காசு செலவில்லை.

#7 பழைய_டைஸ்

நியாயமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் கேட்பவன் கேட்பவனாகவே இருப்பான். ஒரு மணி நேரச் சண்டையில் பாதி நேரம் கதை கேட்பது சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. தம்பியின் மேசை இரண்டாம் வகை போலிருக்கிறது.

டைஸ் கூடாமல் முடிவு மட்டும் கூடிய இரண்டு பழைய உதாரணங்கள் சொல்கிறேன். 1985-இல் வந்த பென்ட்ராகனில் இருவரும் ஆளுக்கு ஒரு முறைதான் உருட்டுவார்கள். தன் திறனைத் தாண்டாமல் யார் அதிகம் போட்டாரோ அவர் அடித்தார், மற்றவர் வாங்கினார். தோற்றாலும் தன் திறனுக்குள் போட்டிருந்தால் கேடயம் துணைக்கு வரும். அடியும் தடுப்பும் ஒரே உருட்டலில் முடிந்தது. 2002-இல் வந்த தி ரிடில் ஆஃப் ஸ்டீலில் கையில் ஒரு கைப்பிடி டைஸ். எத்தனையை அடிக்க வீசுகிறாய், எத்தனையைத் தற்காப்புக்கு மிச்சம் வைக்கிறாய் என்பதுதான் சண்டையே. இரண்டு பேர் மோதும்போது அதற்கு இணை கிடையாது. ஏழு கொள்ளைக்காரர்கள் வந்தால் ஜிஎம் பாடு திண்டாட்டம்.

#8 ராப்பட்சி

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஓரமா ப்ரோ, ரேஷன் கடை உவமை சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா உண்மைதான் :)

ஒரு வரைவு போட்டிருக்கேன், கிழிச்சுப் போடுங்க.

ஒவ்வொரு பிளேயருக்கும் ரெண்டு சோழி. அவங்க டர்ன் ஆரம்பத்துல ரெண்டும் திரும்ப வரும். ஒரு சோழியைச் செலவழிச்சு டர்ன்ல கூடுதலா ஒரு அடி அடிக்கலாம். மிச்சம் வச்சா தடுக்கலாம். ஏசி பழையபடியே. ஏசியைத் தாண்டி அடி பட்டுச்சுன்னா, சோழியைக் கொடுத்து டி20 கூட்டல் (ஏசி கழித்தல் 10) உருட்டி, வாத்தியார் சொன்ன 12 கூட்டல் அட்டாக் போனஸைத் தொட்டா அடி ரத்து. மான்ஸ்டருக்குச் சோழி இல்லை, தலைவனுக்கு மட்டும் ஒண்ணு.

#9 கணக்கு_வாத்தி

மான்ஸ்டருக்குச் சோழி இல்லைங்கிறது நல்ல முடிவு. உங்க தலைவலி பாதி குறையும்.

ஆனா இது ரெண்டு சல்லடை. ஏசி ஒரு தடவை சலிச்சதை மறுபடி சலிக்கறீங்க. 65 சதவீதம் பட்ட அடியில 35 சதவீதத்தை ரத்து பண்ணினா 42.25. மான்ஸ்டரோட பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுது. அதை ஈடுகட்ட மான்ஸ்டர் எண்ணிக்கையைக் கூட்டுவீங்க, மறுபடி ஒண்ணரை மணி நேரம். அதுமட்டும் இல்லாம ரெண்டாவது உருட்டல்லயும் அதே ஏசியையே சேர்க்கறீங்க. ஏசி 24 இருக்கிறவனைத் தொடவே முடியாது. ஏசி 11 இருக்கிறவனுக்குச் சோழி இருந்தும் புண்ணியம் இல்லை.

என் யோசனை: ரத்து பண்ணாதீங்க, குறைங்க. உருட்டவே வேண்டாம், கொடுத்தா வேலை செய்யும்.

#10 வெண்முனை

வாத்தியார் சொல்றதை என்னோடதுல கலந்து மூணா பிரிக்கலாமா?

கேடயம்: டேமேஜ் தெரிஞ்ச பிறகு சோழி கொடுக்கலாம். ஒரு டி8 குறையும். டி8-ல 8 விழுந்தா கேடயத்துல ஒரு விரிசல், மூணு விரிசலுக்கு உடையும்.

விலகல்: டேமேஜ் உருட்டறதுக்கு முன்னாடி சொல்லணும். டேமேஜ் பாதி, ஆனா அடிச்சவன்கிட்டேயிருந்து அஞ்சடி பின்னால போகணும். பின்னால இடம் இல்லைன்னா விலக முடியாது.

பேரி: ஜிஎம் டைஸைத் தொடறதுக்கு முன்னாடியே சொல்லணும். அடி பட்டாலும் ஒரு டி6 குறையும், தவறிப்போச்சுன்னா நீங்க உடனே ஒரு அடி திருப்பி அடிக்கலாம். அவன் அடி தவறினதே நீங்க கத்தியைத் தட்டிவிட்டதாலன்னு வச்சுக்கலாம்.

சீக்கிரம் வாக்குக் கொடுக்கிறவருக்குப் பெரிய பலன், காத்திருந்து பார்க்கிறவருக்குச் சின்னப் பலன்.

#11 ஸ்கார்பரோ_வாசி

அந்தக் கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. எனக்கு இருக்கிற பயம் பேரி பற்றித்தான். ஏசி 21 இருக்கிறவனுக்கு அநேகமா எல்லா அடியும் தவறும், ஒவ்வொரு தரமும் சும்மா திருப்பி அடிப்பான். கேடயம் பிடிச்ச கை பேரி செய்யாது எண்டு வைச்சால்? ஒற்றை வாளோட வாறவனுக்கும் ஒரு காரணம் கிடைச்ச மாதிரி.

#12 ராப்பட்சி

நேத்து ஓட்டியாச்சு!!

ஆறு கொள்ளைக்காரங்க, ஒரு தலைவன், பத்தடி அகலத்துல ஒரு மரப்பாலம். சொன்னபடி கேடயம் இருந்தா பேரி இல்லைன்னு வச்சேன். ஐம்பது நிமிஷத்துல முடிஞ்சுது. பழைய நாப்பதைவிடப் பத்து நிமிஷம் கூட, எனக்கு அது பிரச்சினை இல்லை.

எங்க ரோக் (திருட்டுக் கதாபாத்திரம்) ஆடறவ விலகல் விலகல்னு ரெண்டு தடவை கொடுத்தா, பின்னாடியே பாலத்தோட விளிம்பு வந்துடுச்சு. மூணாவது அடிக்கு சோழி இருந்திருந்தாலும் போக இடம் இல்லை. ரெண்டு ரவுண்டு முன்னாடி தான் எடுத்த முடிவுக்கு இப்ப அனுபவிக்கறோம்னு அவளே சிரிச்சா. ஃபைட்டரோட கேடயத்துல ரெண்டு விரிசல், ஊர் போனதும் ரிப்பேர் பண்ணணும்னு இப்பவே காசு எண்றான்.

சொதப்பினது ஒண்ணு. மந்திரவாதி ரெண்டு சோழியையும் மூணு ரவுண்டு கையிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "பெருசா ஒண்ணு வந்தா கொடுக்கலாம்"னு. வரவே இல்லை. ஒவ்வொரு டர்னும் ரெண்டு சோழி வீணாச்சு.

#13 கணக்கு_வாத்தி

அடுத்து என்ன வரும்னு தெரியாதவன் பதுக்கத்தான் செய்வான். ரவுண்டு ஆரம்பத்துல யார் யாரைக் குறி வச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. "தலைவன் உன்னைப் பார்த்து வர்றான்." அவ்வளவு போதும்.

#14 ஓரமா_இருக்கேன்

பாலம், விரிசல், விளிம்பு... படிக்க நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஒரு சந்தேகம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வில்லோட நாலு பேர் நின்னா? அம்பை பேரி பண்ணுவாங்களா?

#15 ராப்பட்சி

யோசிச்சு வச்சிருக்கேன் ப்ரோ. அம்புக்குப் பேரி கிடையாது, கேடயம் உண்டு. விலகல் வேணும்னா பின்னால போனாப் பத்தாது, மறைவுக்குப் பின்னால போகணும். எதுவுமே இல்லாத வெட்டவெளியில சோழிக்கு மதிப்பே இல்லை. வர்ற ஞாயிறு அவங்களை ஒரு காஞ்சுபோன ஏரிக்குள்ள இறக்கிவிடப் போறேன். தயவுசெஞ்சு என் பிளேயர் யாராவது இந்த இழையைப் படிச்சா இந்தப் பதிவை மட்டும் தாண்டிப் போயிடுங்க.

#16 சோழி_இல்லாதவன்

ஏரியா? சரி ஜிஎம், கேடயத்தை இந்த வாரமே ரிப்பேர் பண்ணிடறேன்.